பெட்ரோல்: வடிவம் ஆளும் எரிநெய்

தண்ணீருக்கு ஒரு கொதிநிலை உண்டு. சாராயத்துக்கும் ஒன்று உண்டு. பெட்ரோலுக்கு அப்படி ஒன்று இல்லை. கண்ணாடிக் குடுவையில் இட்டு மெல்லச் சூடேற்றினால் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே முதல் துளி ஆவியாகிக் குளிர்ந்து வடிகிறது. வெப்பமானி ஏற ஏறத் துளிகள் தொடர்கின்றன. 100 பாகையை எட்டும்போது ஏறக்குறைய பாதி வடிந்துவிடுகிறது; கடைசித் துளியோ 200 பாகையை நெருங்கிய பிறகே குடுவையை விட்டு நீங்குகிறது. இந்தியத் தர நிர்ணயம் இந்த இறுதிக் கொதிநிலைக்கு 210 பாகையை மேல்வரம்பாக வைத்திருக்கிறது. ஒரே மூலக்கூறால் ஆன பொருள் இவ்வாறு நடந்துகொள்ளாது. குடுவைக்குள் இருப்பது ஒரு பெருந்திரள். ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய வெப்பநிலையில் விடைபெறுகிறது.

ஆகவே பெட்ரோலுக்கு வேதி வாய்பாடு எழுதித் தர எந்த வேதியியலாளராலும் இயலாது. ஒரு லிட்டரில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உள்ளன. அவற்றின் விகிதம் கச்சா எண்ணெய் வந்த நிலத்துக்கு ஏற்ப மாறும். ஆலைக்கு ஆலை மாறும். குளிர் மிகுந்த நாடுகளில் பருவத்துக்குப் பருவமும் மாறும். இத்தனை பன்மைக்கும் அடியில் இருக்கும் தனிமங்களோ பெரும்பாலும் இரண்டே: கரிமமும் நீரகமும். இரண்டே தனிமங்களைக் கொண்டு இயற்கை இவ்வளவு வேறுபாட்டை எப்படி விளைவிக்கிறது? விடை வடிவத்தில் இருக்கிறது. எந்த அணுக்கள் எத்தனை உள்ளன என்பதைக் காட்டிலும் அவை எவ்வாறு பிணைந்து நிற்கின்றன என்பதே பெட்ரோலின் குணத்தை ஆள்கிறது. மனிதன் இந்த உண்மையை மதித்து மூலக்கூறுகளைத் திருத்தி அமைத்த வரலாறு ஒன்று உண்டு. அதை மதியாமல் குறுக்குவழி தேடி ஒரு தலைமுறைக் குழந்தைகளின் குருதியில் ஈயத்தை ஏற்றிய வரலாறும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹைட்ரோகார்பன் என்று நாளிதழ்களில் நாம் படிக்கும் நீரகக்கரிமங்களில், நான்கு முதல் பன்னிரண்டு வரை கரிம அணுக்கள் கொண்டவையே பெட்ரோலின் குடிகள். நான்குக்குக் கீழ்ப்பட்டவை இயல்பான வெப்பநிலையில் வளிமங்கள். சமையல் எரிவாயு உருளைக்குள் அழுத்தி அடைக்கப்படுபவை அந்த வகையினவும் அவற்றின் அண்டை வீட்டாரான பியூட்டேன்களும். பன்னிரண்டைத் தாண்டினால் மண்ணெண்ணெய், டீசல், அதற்கும் அப்பால் மசகெண்ணெய், மெழுகு, தார். சங்கிலி நீள நீள மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வலிமை கூடுகிறது, ஆவியாகத் தயங்குகின்றன, இறுதியில் திண்மமாகின்றன.

அந்தக் குடிகளுக்குள்ளும் குலங்கள் உண்டு. கரிம அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்பவை நேர்ச்சங்கிலிச் சேர்மங்கள். நடுவே பக்கக் கிளைகள் விட்டவை கிளைச்சங்கிலிச் சேர்மங்கள். தலையும் வாலும் இணைந்து வளையமானவை நாப்தீன்கள். இரட்டைப் பிணைப்பு உடையவை, நிறைவுறாச் சேர்மங்களாகிய ஓலிஃபீன்கள். ஆறு கரிம அணுக்கள் எதிர்மின்னிப் பங்கீட்டால் இறுகி நிற்கும் வளையத்தை அடிப்படையாகக் கொண்டவை பென்சீன், டொலுவீன், சைலீன் ஆகிய அரோமேட்டிக் சேர்மங்கள். பென்சீனை 1825இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, விளக்கெரிக்கும் வளிமத்தை அழுத்தி அடைத்தபோது கலத்தில் தேங்கிய எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். மோட்டார் வண்டி பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் எரிபொருளின் உறுப்பு ஒன்று இவ்வாறு அறிமுகமாகிவிட்டது.

வடிவத்தின் ஆட்சியைக் காட்ட ஆக்டேனை விடச் சிறந்த சான்று கிடையாது. எட்டுக் கரிம அணு, பதினெட்டு நீரக அணு: இவ்வளவுதான் அதன் இருப்பு. இந்த அணுக்களை வெவ்வேறு விதமாகப் பிணைத்தால் பதினெட்டு வேறுவேறு மாற்றியங்கள் கிடைக்கின்றன. பத்துக் கரிமம் கொண்ட டெக்கேனுக்கு மாற்றியங்கள் 75. ஆக்டேன்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். நேராக நீண்ட ஆக்டேன் ஏறத்தாழ 126 பாகையில் கொதிக்கிறது. கிளைகள் செறிந்து, தன்னைத்தானே பொதிந்துகொண்ட ஐசோஆக்டேன் 99 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எரித்தால் இரண்டும் தரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எஞ்சினுக்குள் இட்டால் ஒன்று உலகின் எரிபொருள்களுக்கெல்லாம் அளவுகோலாக நிற்கிறது. மற்றொன்று எஞ்சினை உடைக்கிறது. அணுக்கள் அவையே, எண்ணிக்கை அதுவே, அமைப்பு மட்டும் வேறு.

ஏன் உடைக்கிறது என்று பார்ப்பதற்கு முன், பெட்ரோல் எரிபொருளாகத் தகுதி பெற்றதே எவ்வாறு என்பதைக் கண்டுவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தவர்கள் நாடியது விளக்குக்கான மண்ணெண்ணெயை. அதற்கு முன் வடிந்து வந்த இலேசான பகுதி எளிதில் தீப்பற்றும் இடையூறாகக் கருதப்பட்டது. கறை நீக்கவும் சிற்சில தொழில்களுக்கும் போக எஞ்சியது வீணாயிற்று. 1888இல் பெர்த்தா பென்ஸ் தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூவுருளி வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நோக்கிப் பிள்ளைகளுடன் புறப்பட்டார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில்தான் லிக்ரோயின் என்னும் இலேசான வடிநெய்யை வாங்கினார். கறை நீக்கியாக விற்கப்பட்ட அந்த நெய் அன்று வண்டியை நகர்த்தியது. எடைக்கு எடை அது சுமந்த ஆற்றல் அத்தகையது: ஒரு கிலோ பெட்ரோல் ஏறத்தாழ 43 மெகாஜூல் வெப்பம் தரும், ஒரு லிட்டருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 32 மெகாஜூல்.

அந்த ஆற்றலைத் தருவது பெட்ரோல் மட்டுமன்று, காற்றும்தான். ஐசோஆக்டேன் 114 கிராம் முழுமையாக எரிய உயிர்வளி 400 கிராம் வேண்டும். விளைவது கரியமிலவளி 352 கிராமும் நீர் 162 கிராமும். காற்றில் உயிர்வளி ஐந்தில் ஒரு பங்கே என்பதால், ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்றை எஞ்சின் உள்ளிழுத்தாக வேண்டும். வண்டி சுமந்து செல்லும் எரிபொருளை விடப் பதினான்கு மடங்குக்கும் மேலான பொருளை அது வழியிலேயே பெற்றுக்கொள்கிறது. உயிர்வளியையும் தானே சுமக்க வேண்டிய ஏவுகணைக்கு இந்த நற்பேறு இல்லை. முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து ஏறக்குறைய 2.3 கிலோ கரியமிலவளி வெளிவருவதும் இதனாலேயே. கூடுதல் எடை காற்று ஈந்தது. வெளிக்காற்றில் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதால்தான் அந்த எடை நம் மனத்தில் பதிவதில்லை.

எரிவதற்கு முன் பெட்ரோல் ஆவியாக வேண்டும். நீர்மமாக அது எரிவதில்லை. காலைக் குளிரில் எஞ்சின் உடனே இயங்கத் தொடங்குவதற்கு இலேசான பியூட்டேன், பென்டேன் வகைகள் தேவை. ஓடும்போது சீராக வேகம் பிடிக்க இடைநிலைச் சேர்மங்கள் தேவை. நெடும்பயணத்தில் ஆற்றல் நல்குபவை கனமானவை. இலேசானவை மிகுந்தால் கோடை வெயிலில் எரிபொருள் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் குமிழ்த்து, பழைய கார்பரேட்டர் வண்டிகளை நடுவழியில் நிறுத்திவிடும், காற்றை மாசுபடுத்தும். கனமானவை மிகுந்தால் முழுதும் எரியாமல் கரிபடியும். இந்தச் சமநிலையைக் காக்கவே 37.8 பாகையில் ஆவியழுத்தம் அளக்கப்பட்டு வரம்பு விதிக்கப்படுகிறது. குளிர்நாடுகளில் மாரிக்கும் கோடைக்கும் வெவ்வேறு கலவை விற்பதும் இதன் பொருட்டே.

எளிதில் ஆவியாகும் இந்தக் குணம் எச்சரிக்கையையும் கேட்கிறது. பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை சுழிக்குக் கீழே 40 பாகை அளவில் உள்ளது; நம் ஊரின் எந்த நாளிலும், எந்த நள்ளிரவிலும், திறந்த பெட்ரோலின் மேல் தீப்பற்றத்தக்க ஆவி நிற்கிறது. அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தேங்கும். காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காட்டுக்குள் இருந்தால் மட்டுமே தீ பரவும். நிரம்பிய தொட்டிக்குள் ஆவி இந்த வரம்பைத் தாண்டிச் செறிந்திருப்பதால் உள்ளே தீ பரவ உயிர்வளி போதாது. வடித்துக் காலி செய்த பழைய டிரம்மோ எஞ்சிய ஆவியும் புகுந்த காற்றுமாக அந்த வரம்புக்குள் வந்து நிற்கிறது. காலி டிரம்மை வெல்டிங் செய்யப் போய் உயிரிழந்த தொழிலாளர் பலர். தீக்குப் பயந்து நிரம்பிய கலத்தை விலக்குபவர்கள் வெறுங்கலத்தை நம்பிவிடுகிறார்கள். இன்னொன்று: பெட்ரோல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. குழாயில் விரைந்து பாயும்போது சேரும் நிலைமின்சாரம் வடிய வழியின்றி நின்று பொறியாக வெளிப்படலாம். பெட்ரோல் பங்க்கில் கேனை வண்டி இருக்கையில் வைத்து நிரப்பாமல் தரையில் வைத்து நிரப்ப வேண்டும் என்பதன் காரணம் இது.

இனி எஞ்சினை உடைக்கும் அந்தச் சிக்கல். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. உச்சத்தை நெருங்கும் வேளையில் ஸ்பார்க் பிளக் பொறியிடுகிறது. எவ்வளவு இறுக அழுத்துகிறோமோ அவ்வளவு பயன். கோட்பாட்டளவிலான கணக்கில், நான்கில் ஒன்றாக அழுத்தினால் வெப்பத்தில் ஏறத்தாழ 43 விழுக்காடு உழைப்பாக மாறலாம். பத்தில் ஒன்றாக அழுத்தினால் 60 விழுக்காடு. உராய்வும் வெப்ப இழப்பும் போக மெய்யான எஞ்சின் இதைவிடக் குறைவாகவே தரும்; ஆயினும் அழுத்தம் கூடினால் பயன் கூடும் என்னும் விதி மாறாது. அப்படியானால் அழுத்திக்கொண்டே போகலாமே? போக முடியாது. வைக்கோற்போரின் ஒரு முனையில் வைத்த தீ மறுமுனையை நோக்கிச் சீராக நகரும்போதே, மறுமுனை வெக்கை தாளாமல் தானாகப் பற்றிக்கொண்டால் என்ன ஆகும்? உருளைக்குள்ளும் அதுவே நிகழ்கிறது. பொறியிலிருந்து கிளம்பிய தீமுகம் வந்து சேர்வதற்கு முன்பே, ஓரத்தில் நெருக்குண்ட கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் ஒரே நொடித்துணுக்கில் வெடிக்கிறது. அழுத்த அலைகள் உருளைச் சுவரில் மோதி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கின்றன. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் அந்தத் தட்டலோசை அதுதான். தொடர்ந்தால் பிஸ்டன் தலை உருகித் துளைபடும்.

இங்கே வடிவம் தன் ஆட்சியைக் காட்டுகிறது. தானாகத் தீப்பற்றுதல் என்பது சங்கிலி வினை. உயிர்வளி முதலில் மூலக்கூறிலிருந்து ஒரு நீரக அணுவைப் பறித்துத் தனியுறுப்பு ஒன்றை உண்டாக்குகிறது. அதில் உயிர்வளி ஒட்டிக்கொள்ள, அந்த மூலக்கூறு வளைந்து தன் சங்கிலியிலேயே இன்னொரு நீரகத்தைப் பறிக்கிறது. பிறகு உடைந்து, ஒன்றுக்கு மேற்பட்ட புதிய தனியுறுப்புகளை ஈனுகிறது. அவை ஒவ்வொன்றும் அடுத்த மூலக்கூறைத் தாக்க, வினை பெருகிப் பெருகி வெடிப்பாகிறது. சங்கிலியின் நடுவே உள்ள கரிமத்தோடு பிணைந்த நீரகம் எளிதில் கழலும். முனையிலுள்ள கரிமத்தின் நீரகமோ வலுவாகப் பிணைந்தது. நேரான ஆக்டேனின் பதினெட்டு நீரகங்களில் பன்னிரண்டு எளிதில் கழல்பவை. ஐசோஆக்டேனிலோ ஐந்து முனைகள் இருப்பதால் பதினைந்து நீரகங்கள் முனைகளில் காவலாக நிற்கின்றன. நெகிழ்ந்த இடம் மூன்றே. மேலும் அதன் கிளைகள், வளைந்து தன்னையே தாக்கும் அந்த நகர்வுக்கும் இடம் தருவதில்லை. நீரகங்களை எண்ணிப் பார்த்தாலே எந்த மூலக்கூறு எஞ்சினைத் தட்டும், எது தட்டாது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வேதியியலில் இதைவிடத் தெளிவான அழகு எனக்குத் தெரிந்து அரிது.

தட்டல் எரிபொருளின் அமைப்பைச் சார்ந்தது என்பதை முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ தெளிவுபடுத்தினார். அரோமேட்டிக் சேர்மங்கள் மிகுந்த பெட்ரோல் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் என்று கண்டார். ஆனால் அளக்க ஒரு கோல் வேண்டுமே. 1926இல் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் அதை வகுத்தார். தட்டலை நன்கு தாங்கும் ஐசோஆக்டேனுக்கு 100. சிறிதும் தாங்காத நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோலைச் சோதனை எஞ்சினில் ஓட்டி, இவ்விரண்டின் எந்தக் கலவை அதே அளவு தட்டுகிறதோ, அதிலுள்ள ஐசோஆக்டேன் விழுக்காடே அப்பெட்ரோலின் ஆக்டேன் எண். அளவுகோலின் சுழிக்குத் தேவையான தூய ஹெப்டேன் அந்நாளில் கிடைத்த இடம் வியப்புக்குரியது: கலிஃபோர்னிய மலைகளில் வளரும் ஜெஃப்ரி ஊசியிலை மரத்தின் பிசின். பெரும்பாலான ஊசியிலை மரங்களின் பிசின் டர்பன்டைன் தர, இந்த மரம் ஏறக்குறைய தூய ஹெப்டேனைச் சுரக்கிறது.

ஆக்டேன் எண் குறித்துப் பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. எண் கூடினால் பெட்ரோலில் ஆற்றல் கூடும் என்று பலர் கருதிக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அந்த எண் காட்டுவது ஆற்றலை அன்று, பொறுமையை. தானாகத் தீப்பற்றாமல் பொறிக்காகக் காத்திருக்கும் திறன் அது. உயர்ந்த அழுத்தத்துக்கென வடித்த எஞ்சினுக்கு அது இன்றியமையாதது. 91க்கு வடித்த வண்டியில் 97ஐ ஊற்றினால் பெரிதாக எதுவும் கூடிவிடாது. நாட்டுக்கு நாடு கணக்கும் வேறு. சோதனை எஞ்சினை மென்மையாகவும் கடுமையாகவும் ஓட்டி இரு விதமாக அளப்பதுண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மென்மையான சோதனையில் கிடைக்கும் எண்ணையே பலகையில் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் மென்மையான சோதனைக்கும் கடுமையான சோதனைக்கும் இடைப்பட்ட சராசரியை எழுதுகிறார்கள். அங்கே 87 என்று விற்பது இங்கே ஏறத்தாழ 91.

ஆக்டேன் எண்ணை உயர்த்த நேரிய வழி மூலக்கூறுகளின் வடிவத்தை மாற்றுவது. 1920களில் அதற்கான தொழில்நுட்பம் முதிரவில்லை. குறுக்குவழி ஒன்று கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி பற்பல பொருள்களைச் சோதித்து, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் ஈயத்தைக் கண்டடைந்தார். ஒரு கேலனுக்குச் சில மில்லிலிட்டர் போதும், தட்டல் அடங்கிவிடும். உருளையின் வெப்பத்தில் அது சிதைந்து ஈய ஆக்சைடின் நுண்துகள்களாகிறது; பெருகிவரும் தனியுறுப்புகளை அத்துகள்கள் வழியிலேயே பிடித்து அடக்கிவிடுகின்றன. மூலக்கூறின் வடிவத்தைத் தொடாமலே அதன் விளைவை மட்டும் அடக்கும் உத்தி. 1923 பிப்ரவரியில் ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது, பெயர் எத்தில். ஈயம் என்ற சொல் பெயரில் இல்லை.

ஈயம் நஞ்சு என்பது புதுச் செய்தி அன்று. உரோமர் காலத்திலேயே விட்ரூவியஸ் ஈயக் குழாய் நீரைக் குறித்து எச்சரித்திருந்தார். எரிசாராயமும் தட்டலைத் தடுக்கும் என்பது மிட்ஜ்லிக்கும் கெட்டரிங்குக்கும் தெரிந்தே இருந்தது. யார் வேண்டுமானாலும் வடிக்கக்கூடிய சாராயத்துக்குத் தனியுரிமை இல்லை. ஈயச் சேர்மத்துக்கு உண்டு. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஈயச் சேர்மத்தைச் செய்த தொழிலாளர் ஐவர் மனம் கலங்கி, வலிப்பு கண்டு மாண்டனர். மேலும் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். அதே மாதம் மிட்ஜ்லி செய்தியாளர் முன்னிலையில் அந்த நீர்மத்தால் கை கழுவிக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு அவரே ஈய நஞ்சால் நோயுற்று ஓய்வெடுத்தவர். ஏல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் ஹார்வர்டின் ஆலிஸ் ஹாமில்டனும் 1925இல் கூடிய அரசு மாநாட்டில் எச்சரித்தார்கள். ஆராய அமைந்த குழு, தடைசெய்யப் போதிய காரணம் இல்லை என்றது. அவ்வொரு முடிவால் அடுத்த அரை நூற்றாண்டு உலகின் சாலைகள் தோறும் ஈயம் தெளிக்கப்பட்டது. ஹெண்டர்சனையும் ஹாமில்டனையும் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் அன்று சொன்னதில் பிழை ஏதுமில்லை.

அந்த ஈயம் எங்கெங்கே சென்றது என்பதைக் காட்டியவர், வேறொன்றைத் தேடிப் புறப்பட்ட ஒருவர். கிளேர் பாட்டர்சன் விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் நிறுவினார். அளக்க முயன்ற போதெல்லாம் ஆய்வகக் காற்றிலிருந்தே ஈயம் கலந்து கணக்கைக் குலைத்தது. தூய்மையின் உச்சத்தில் ஓர் ஆய்வறையை அமைத்த பிறகே விடை கிடைத்தது. அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் விடவில்லை. ஆழ்கடலை விட மேற்பரப்பில் ஈயம் மிகுந்திருந்தது. கிரீன்லாந்தின் பழைய பனியை விடப் புதிய பனியில் மிகுந்திருந்தது. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன், பாஸ்டன் நகரை ஒட்டிய பள்ளிகளில் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அளந்து, ஈயம் மிகுந்த பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைந்திருப்பதைக் காட்டினார். இத்தனைக்கும் ஈயமற்ற பெட்ரோல் அமெரிக்காவில் 1970களில் பரவத் தொடங்கியதற்குப் பெருங்காரணமாக இருந்தது புகைக்குழாயில் பொருத்தப்பட்ட வினையூக்கி மாற்றி. அதிலுள்ள பிளாட்டினத்தை ஈயம் பாழாக்கியது. பிளாட்டினத்துக்கு முன்பே குழந்தைகளுக்காக எடுத்திருக்க வேண்டிய முடிவு அது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுதும் ஈயம் நீங்கியது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

நேரிய வழியில் நடந்தவர்களின் பணி இதற்கிடையே முதிர்ந்தது. வடிகோபுரத்தில் நேராகக் கிடைக்கும் நாப்தா என்னும் இலேசான வடிநெய்யில் நேர்ச்சங்கிலிகள் மிகுதி. ஆக்டேன் எண் தாழ்வு. 1913இல் வில்லியம் பர்ட்டன் கனமான எண்ணெயை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உடைத்துப் பெட்ரோலின் அளவைக் கூட்டினார். 1930களில் யூஜீன் ஹூட்ரி களிமண் வகை வினையூக்கியின் மேல் உடைத்தபோது அளவோடு தரமும் கூடியது. வினையூக்கியின் மேல் உடையும் சங்கிலி கிளைவிட்ட துண்டுகளாக மறுபடி அமைகிறது. சிறு துண்டுகளைத் திரும்பச் சேர்த்து ஐசோஆக்டேன் வகைகளைக் கட்டும் அல்கைலேற்ற முறையும் அப்பதிற்றாண்டில் பிறந்தது. 1940இல் பிரிட்டனின் வானைக் காத்த போர் விமானங்கள் 100 ஆக்டேன் எரிபொருளில் பறந்தன.

என் மதிப்பில் இவ்வரிசையின் மகுடம் விளாடிமிர் ஹென்செல் 1949இல் ஆலைக்குக் கொண்டுவந்த பிளாட்டினச் சீரமைப்பு முறை. சூடான நாப்தா ஆவியைப் பிளாட்டினம் தூவிய அலுமினாவின் மேல் செலுத்துகிறார்கள். நேர்ச்சங்கிலி ஹெப்டேன் ஒன்று அங்கே வளைந்து வளையமாகி, நான்கு நீரக மூலக்கூறுகளை உதிர்த்துவிட்டு டொலுவீனாக வெளிவரும். அளவுகோலில் சுழி எனக் குறிக்கப்பட்ட மூலக்கூறு, அதே ஏழு கரிம அணுக்களோடு, நூற்றையும் தாண்டிய மூலக்கூறாகிவிடுகிறது. உதிர்ந்த நீரகமும் வீணாவதில்லை. அதே ஆலையில் எண்ணெயிலுள்ள கந்தகத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படுகிறது. சென்னைக்கு வடக்கே மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலையிலும் பெட்ரோலின் தரத்தை உயர்த்துவது இத்தகைய சீரமைப்பே.

வளையங்களுக்கும் விலை உண்டு. பென்சீன் குருதிப் புற்றை உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. ஆகவே இன்றைய இந்தியத் தரத்தில் அது ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அரோமேட்டிக் சேர்மங்கள் மொத்தமும் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரட்டைப் பிணைப்புடைய ஓலிஃபீன்கள் நாள்பட நின்றால் காற்றோடு வினைபுரிந்து பிசினாகி எரிபொருள் வழியை அடைக்கும். பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் பழுப்பாகப் படிவது அதுவே. வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும் கந்தகம் 2020 ஏப்ரல் முதல் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்குள் அடக்கப்பட்டிருக்கிறது.

இக்கலவைக்குள் மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் எண் சரியும், கரி படியும். வாங்குபவர் கையில் சில எளிய சோதனைகள் உண்டு. பங்க்கில் கேட்டால் செய்து காட்ட வேண்டும். வடிதாளில் ஒரு துளி விட்டால் நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையின்றி மறையும். கனமான எண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். அடர்த்தியை மிதவை அளவியால் அளந்து 15 பாகைக்குத் திருத்தி, பலகையில் எழுதிய எண்ணோடு ஒப்பிடலாம். இந்தத் திருத்தம் தேவைப்படுவது, பத்துப் பாகை ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு விழுக்காடு விரிவதால்.

இன்று இந்தியப் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். மிட்ஜ்லிக்கும் கெட்டரிங்குக்கும் தெரிந்திருந்த அதே சாராயம், கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கப்படுவது. தட்டலைத் தாங்கும் அதன் எண் 108 அளவில் உள்ளது. ஆவியாகும்போது பெட்ரோலை விட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சி, உருளைக்குள் செல்லும் கலவையைக் குளிர்விக்கிறது. தட்டலை அதுவும் தடுக்கிறது. ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயிர்வளி. ஏற்கெனவே பாதி எரிந்த பொருள் என்று சொல்லத் தக்கது. லிட்டருக்கு 21 மெகாஜூல் மட்டுமே தரும். எனவே இருபது விழுக்காட்டுக் கலவையில் லிட்டருக்கு ஏறக்குறைய ஏழு விழுக்காடு ஆற்றல் குறைகிறது. உயர் அழுத்தத்துக்கு வடித்த புதிய எஞ்சின் அந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். பழைய வண்டி செய்யாது. பழைய இரப்பர்க் குழாய்களையும் அடைப்பான்களையும் எத்தனால் ஊதவும் நெகிழவும் செய்யும் என்பதையும் வண்டி வைத்திருப்போருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

நீருடனான உறவிலும் அது பெட்ரோலிலிருந்து வேறுபடுகிறது. நீரகக்கரிமங்கள் நீரை விலக்கும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் நீர் புகுந்தால் அடியில் தனியே தங்கும், கண்டுபிடிப்பது எளிது. எத்தனாலோ நீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சிறிதளவு நீர் கலவையில் மறைந்துவிடும். வரம்பைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டு நீங்கி நீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். மேலே நிற்கும் பெட்ரோல் ஆக்டேன் எண்ணை இழக்கும். அடியில் திரண்ட நீர்ச்சாராயம் வண்டிக்குள் சென்றால் எஞ்சின் நின்றுபோகும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொட்டிகளின் மூடியும் மூச்சுக்குழாயும் நீர் புகாமல் இறுக்கமாக இருக்கின்றனவா என்று நாள்தோறும் பார்ப்பது, எத்தனால் வந்த பிறகு முன்னிலும் இன்றியமையாத வேலையாகிவிட்டது.